ஜில்லு பாவாவின் கிண்ணங்கள்

ஃபிரிட்ஜ் கெட்டுப்போனால் ஜனங்கள் சந்தோஷப்படுகிற ஊர் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்க முடியும். அது திருத்தணி. அதற்குக் காரணம் ஜில்லு பாவா. அவர் கையால் ரிப்பேராகி வீடு திரும்பிய எந்த ஃபிரிட்ஜும் காலியாக வந்ததில்லை. நடுத் தட்டில் ஒரு கிண்ணம் இருக்கும். அதற்குள் இருப்பது என்னவென்று கேட்டால் "புட்டிங்" என்று மட்டும் சொல்வார். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டவர்கள் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டுத்தான் திரும்பி வருவார்கள்.

பாவா என்றால் தெலுங்கில் அக்கா புருஷன், இல்லையென்றால் அத்தை மகன். ஆந்திரா எல்லை என்பதால் அங்கே தமிழ் பேசுகிறவர்கள் வீட்டிலும் அந்தச் சொல் புழங்கும். ஆனால் ஒரே ஆளை ஊர் முழுக்க பாவா என்று கூப்பிட்டால் சொந்தக் கணக்கு எங்கேயோ உதைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் பாவா. மலைக்கோயில் படிக்கட்டில் பூ விற்கிறவர்களுக்குப் பாவா. ரிடையரான தமிழ் வாத்தியார் ஒருவர் அந்தத் தெருவில் இருந்தார், அவருக்கும் பாவா. மாடியில் குடியிருந்த எனக்கே அவருடைய நிஜப் பெயர் தெரிய ரொம்ப நாளாயிற்று. தெரிந்த மறுநாளே மறந்தும் போயிற்று.

பேங்க் வேலையில் எனக்குத் திருத்தணிக்கு மாற்றல் வந்தபோதுதான் அந்த மாடி வீடு கிடைத்தது. கீழே முன்பக்கம் பாவாவின் கடை, பின்பக்கம் அவர் வீடு. கடையில் பழைய ஃபிரிட்ஜுகள் கதவைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். மத்தியான வெயிலில் ஊரே கண்ணயர்ந்து கிடக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஃபிரிட்ஜின் எதிரே பாவா கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வெளியே வருகிற குளிர்ப்புகை அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு கீழே இறங்கும். முதல் தடவை பார்த்தபோது அவருக்கு மயக்கம் என்று நினைத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மேடம். யோசிச்சிகினு இருக்கேன். மலை மேல மேகம் படுத்துகினு இருக்குது இல்ல, அத்த ஒரு வாய் கடிச்சா எப்பிடி இருக்கும்னு."

நல்ல வீட்டுச் சொந்தக்காரர் கிடைத்தார் என்று நினைத்துக்கொண்டு மாடியேறிவிட்டேன்.

வந்த மாதமே என் ஃபிரிட்ஜ் படுத்துக்கொண்டது. பாவா அதைக் கீழே இறக்கிக்கொண்டு போனார். கம்ப்ரஸருக்கு ஒன்றுமில்லை, கேஸ்தான் இறங்கியிருக்கிறது என்றார். அது மேலே திரும்பி வந்த நாள் சனிக்கிழமை. என் கணவர் வாராவாரம் சென்னையிலிருந்து வந்துபோவார், அன்றும் வந்திருந்தார். அவரைப் பொறுத்தவரை இனிப்பு என்பது டீயில் போடுகிற சர்க்கரை மட்டும்தான். கல்யாண வீட்டில் ஜாங்கிரியை இலை ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்திருக்கும் ஜாதி. ஃபிரிட்ஜைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தவர், சும்மா ஒரு ஸ்பூன் எடுத்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று, மலையைப் பார்த்தபடி முழுக் கிண்ணத்தையும் முடித்துவிட்டு, இன்று யார் வீட்டில் விசேஷம் என்று கேட்டார். கேஸ் சார்ஜ் செய்து வந்திருக்கிறது என்றேன். அவருக்கு அது பதிலாகவே தெரியவில்லை.

அந்தக் கிண்ணத்தில் இருந்தது வெறும் ரஸ்க். டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்குமே, அதே ரஸ்க். அதை வரிசையாக அடுக்கி, கொதித்த பாலில் கண்டென்ஸ்டு மில்க்கும் ஏலக்காயும் கலந்து ஊற்றி, மேலே நெய்யில் வறுத்த முந்திரியைத் தூவிக் குளிரவைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் அந்த ரஸ்க் தான் ரஸ்க் என்பதையே மறந்துவிட்டிருந்தது.

ஃபிரிட்ஜ் சரியாகிவிட்டதா என்று பார்க்க தெர்மாமீட்டர் என்று ஒன்று உண்டே என்று நான் பாவாவிடம் கேட்டேன். அது எத்தனை டிகிரி என்றுதான் சொல்லும், எப்படி இருக்கிறது என்று சொல்லாது என்றார். பால் இறுக வேண்டிய நேரத்தில் இறுகினால் மெஷின் சரி. இறுகவில்லையென்றால் மறுபடி கழற்று. அவருடைய தொழில் சாஸ்திரம் அவ்வளவுதான். சமையல் சாஸ்திரம் அதைவிடச் சின்னது. "அஞ்சு நிமிசம் நம்ம வேல. மீதி ஃபிரிட்ஜோட வேல. அதுக்குத்தான அதுக்குக் கரண்டு தர்றோம்."

கோடையில் பங்கனபள்ளி மாம்பழம் வந்து குவியும்போது தயிரைத் துணியில் மூட்டைகட்டி, கடைக்குள் ஃபேன் மாட்டும் கொக்கியில் தொங்கவிடுவார். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே குழந்தை தூங்குகிறதென்று நினைத்துச் சில வாடிக்கையாளர்கள் மெதுவாகப் பேசுவார்கள். தண்ணீரெல்லாம் இறங்கிய தயிரில் பழக்கூழையும் சர்க்கரையையும் போட்டு அடித்துக் குளிரவைத்தால், அதைச் சாப்பிட்ட வாத்தியார் இலக்கணமே இல்லாத ஒரு சத்தம் எழுப்புவார். மேரி பிஸ்கட்டை காபி டிகாஷனில் முக்கி அடுக்கி, நடுநடுவே க்ரீமைத் தடவி, மேலே கோகோ பவுடரைச் சலித்துவிட்ட ஒன்றை எங்கள் பேங்குக்கு ஆடிட் வந்த அதிகாரிக்குக் கொடுத்தேன். எந்த ஹோட்டலில் வாங்கினீர்கள், சென்னையில் கிளை இருக்கிறதா என்று கேட்டார். அவர் கேட்ட கேள்விகளில் எங்களால் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல முடிந்தது அது ஒன்றுக்குத்தான்.

ஆர்.கே.பேட்டையில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் பாவா ஒரு கல்யாணத்தையே நடத்திவைத்தார். அவர் ஃபிரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே பெண் பார்க்க வந்துவிட்டார்கள். சாயங்காலம் வரவேண்டியவர்கள், மலையில் சாமி கும்பிட்டுவிட்டு நேராகக் காலையிலேயே வந்து நின்றார்கள். தறியை நிறுத்தவே நேரமில்லை. பதற்றத்தில் கேசரி அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. பெண்ணின் அம்மா அழாத குறை. பாவா ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தார். உள்ளே இளநீர் புட்டிங். கடல்பாசியைக் கொதிக்கவைத்துக் கரைத்து, இளநீரும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, வழுக்கையைப் பொடியாக நறுக்கிப் போட்டது. தட்டில் கவிழ்த்தால் நிலா ஆடுவது மாதிரி ஆடும். மாப்பிள்ளையின் அம்மா சாப்பிட்டுவிட்டு இது யார் செய்தது என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ப்ளக் மாட்டிக்கொண்டிருந்த பாவா, "பொண்ணுதாங்க" என்றார்.

கல்யாணம் முடிந்தது. அந்தப் பெண் புகுந்த வீட்டிலிருந்து வாராவாரம் பாவாவுக்குப் போன் செய்வாள். மாமியார் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கூப்பிடுவதால் குரல் தாழ்ந்திருக்கும். கடையில் பாவாவும் காரணமில்லாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடல்பாசியின் அளவைச் சொல்லுவார்.

இதெல்லாம் பரவ, ஊரில் ஃபிரிட்ஜ்கள் கண்டபடி கெட்டுப்போக ஆரம்பித்தன. வாத்தியார் வீட்டு ஃபிரிட்ஜ் மாதம் தவறாமல் கெடும். பாவா போய்ப் பார்த்து, ப்ளக்கை மாட்டிவிட்டு, கிண்ணத்தை வைத்துவிட்டு வருவார்.

ஊரே இப்படி மயங்கிக் கிடந்தபோது ஒரே ஒருவர் மட்டும் பாவாவைப் பாராட்டியதே இல்லை. அவருடைய மனைவி சுகுணா.

ஊரில் அவரைப் பாவா என்று கூப்பிட நிஜமாகவே உரிமையுள்ளவள் அவள்தான், மாமன் மகள். திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ரயிலுக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். வந்து, கைகால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் பாவா பகலெல்லாம் கண்ணை மூடி யோசிப்பது. அவள் உட்கார்ந்ததும் கிண்ணத்தைக் கையில் கொடுப்பார். தானும் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் அவசரமில்லாமல் சாப்பிடுவாள். அடியை வழித்து எடுப்பாள். பிறகு சொல்லுவாள்: "ஆங். இருக்குது."

அவ்வளவுதான். தூங்கிவிடுவாள்.

"இருக்குதுன்னா இன்னா மேடம் அர்த்தம்? நல்லா இருக்குதா, சும்மா இருக்குதா?" என்று மறுநாள் என்னிடம் வருவார். களைப்பில் அப்படித்தான் சொல்லத் தோன்றும் என்று நான் சமாதானம் சொல்லுவேன். கிண்ணம் இருக்கிறது என்று அர்த்தமாக இருக்கும் என்பது என் கணவரின் கட்சி. பாவா சிரிக்கமாட்டார். ஊரில் அத்தனை பேர் ஆஹா என்றாலும், அவருக்கு வேண்டியிருந்தது அந்த நாற்காலியிலிருந்து ஒரு சொல். அது வராத வருத்தத்தில்தான் தினம் தினம் புதிதாக ஒன்றைச் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் சாயங்காலம், சுகுணா வந்து தூங்கிய பிறகு, பாவா ஒரு கிண்ணத்தோடு மாடிக்கு வந்தார். ஜவ்வரிசியைப் பாலில் வேகவைத்துக் குளிரவைத்தது, நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கள் என்றார். ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். பாயசம் என்று நினைத்துக் காலை வைத்து, ரசத்துக்குள் விழுந்தது மாதிரி இருந்தது. துப்பவும் முடியவில்லை, வீட்டுச் சொந்தக்காரர் எதிரே நிற்கிறார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரும் ஒரு வாய் எடுத்தார். ஏலக்காய்ப் பொடி டப்பாவும் பெருங்காயத் தூள் டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், அது பெருங்காய ஜவ்வரிசி.

முதலில் பாவாதான் சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் சிரிப்பு சட்டென்று நின்றது.

"மேடம், சுகுணா ஒரு கிண்ணம் பூரா சாப்புட்டா. வழிச்சி சாப்புட்டா. இருக்குதுன்னா."

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கொரோனா சமயத்தில் அவள் வார்டில் வேலை பார்த்தாள், அவளுக்கும் காய்ச்சல் வந்து தனியாகப் படுத்திருந்தாள். வாசனை தெரியவில்லை, வாயில் வைத்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று அப்போது ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டதென்று இவர் நினைத்துக்கொண்டார். பக்கத்து அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தபோதும் அவள் நகராமல் உட்கார்ந்திருந்தது, மல்லிகைப்பூ வாங்கி வந்தால் மூக்கருகே கொண்டுபோகாமல் நேராகத் தலையில் வைத்துக்கொண்டது, எல்லாவற்றையும் களைப்பின் கணக்கில் எழுதியிருக்கிறார். "இத்தினி வருசமா நான் யாருக்குச் செஞ்சிகினு இருந்தேன் மேடம்?" என்று கேட்டார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

மறுநாளிலிருந்து பாவா இனிப்பு செய்வதை நிறுத்திவிட்டார். ஃபிரிட்ஜ்கள் காலியாகத் திரும்பின. ஊர் கலங்கிப்போயிற்று. பாவா வீட்டில் துக்கமா என்று என்னிடம் பேங்க் கவுண்டரில் விசாரித்தார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து ஒருவர் ஃபிரிட்ஜைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கி, ரிப்பேர் சரியாக இல்லை என்றார். ஓடுகிறதே என்றார் பாவா. ஓடுகிறது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லையே என்றார் வந்தவர். வாத்தியார் தன் ப்ளக்கைத் தானே மாட்டிக்கொண்டார்.

சுகுணா மாடிக்கு வந்தது அந்த வாரத்தில்தான். வந்து உட்கார்ந்தால் கிண்ணம் வருவதில்லை, அவர் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, உங்களிடம் சொன்னாரா என்று கேட்டாள். நான் பெருங்காயத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கீழே இறங்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை, படியின் திருப்பம்வரை போய் நின்றேன்.

கடையில் பாவா திறந்த ஃபிரிட்ஜின் எதிரே நின்றிருந்தார். கண் மூடியிருக்கவில்லை.

"பாவா," என்றாள். அவர் திரும்பவில்லை. "அன்னிக்குப் பெருங்காயம் போட்டியாமே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா செய்யமாட்ட."

அவள் அவர் பக்கத்தில் போனாள்.

"இனிப்புன்னு தெரியும். இன்னா இனிப்புன்னுதான் தெரியாது. ஜில்லுன்னு இருக்கறது தெரியும், மெத்துன்னு தொண்டையில எறங்கறது தெரியும். நீ ஸ்பூன வச்சிகினு என் மூஞ்சியவே பாத்துகினு நிக்கறது தெரியும். நாள் பூரா நான் மத்தவங்க மூஞ்சிய பாத்துகினு இருக்கேன் பாவா. வீட்டுக்கு வந்தா ஒருத்தன் என் மூஞ்சிய பாக்கறான். அதுக்குத்தான் சாப்புட்டேன்."

பாவா கையை நீட்டி ஃபிரிட்ஜின் கதவை மூடினார். அந்தக் கடையில் ஒரு கதவு மூடியிருந்து நான் பார்த்தது அப்போதுதான். நானும் சத்தமில்லாமல் மாடியேறிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத் திருத்தணி சுலபத்தில் மறக்காது. மூக்கே இல்லாமல் ருசிக்கக்கூடிய இனிப்பு ஒன்றைக் கண்டுபிடிப்பதாக பாவா முடிவு செய்துவிட்டார். சோதனை எல்லாம் ஊர்க்காரர்கள் மேல்தான். இஞ்சி புட்டிங் வந்தது, சாப்பிட்டவர்கள் காது சிவந்தது. புதினா போட்டு ஒன்று, வாய்க்குள் மார்கழி மாதம் வந்த மாதிரி. மிளகு போட்ட ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வாத்தியார் தெருக்கோடிவரை தும்மிக்கொண்டு போனார். யாரும் குறை சொல்லவில்லை. எதற்காக என்று எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஃபிரிட்ஜ் கெடாதவர்கள்கூட வந்து ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டு, இதில் காரம் தெரிகிறது, இதில் புளிப்பு தெரிகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சாட்சி சொன்னார்கள்.

கடைசியில் வந்தது ஒரு சின்ன விஷயம். சர்க்கரையை வாணலியில் உருக்கித் தேன் நிறம் வந்ததும், வறுத்த வேர்க்கடலையைப் போட்டு, நெய் தடவிய தட்டில் மெல்லிசாக ஊற்றி ஆறவிட்டார். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதை உடைத்து, தண்ணீர் வடித்த ஜில்லென்ற தயிரில் சர்க்கரையும் எலுமிச்சம் சாறும் சிட்டிகை உப்பும் கலந்து அதன் மேல் குத்திவைத்தார். அன்று சாயங்காலம் சுகுணா நாற்காலியில் உட்கார்ந்து அரைத் தூக்கத்தில் ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். கடக் என்று ஒரு சத்தம். மாடியில் எனக்கே கேட்டது என்றால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் கேட்டது. அவள் கண்ணைத் திறந்து பாவாவைப் பார்த்தாளாம். மறுபடி கடித்தாளாம்.

"சத்தம் நல்லா இருக்குது," என்றாளாம்.

பாவா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்து இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு உடனே இறங்கி ஓடினார், அவள் தூங்கிவிடப் போகிறாள் என்று. அன்று அவள் தூங்கவில்லை. வெகு நேரம் கீழே பேச்சுச் சத்தமும் நடுநடுவே கடக் கடக் என்ற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்த சமயம், ஒரு மழை நாள். சென்னை போய்விட்டுத் திரும்பும் ரயிலில் திருவள்ளூரில் சுகுணா ஏறினாள். மணவூரில் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. சுகுணா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். திருத்தணி வந்தபோது பொழுது மங்கிவிட்டது. மலையை மேகம் முழுக்க மூடியிருந்தது. கோயில் விளக்குகள் மட்டும் எதன் மேலும் நிற்காமல் வானத்தில் தனியாக மிதந்துகொண்டிருந்தன.

பிளாட்பாரத்தில் பாவா நின்றிருந்தார். கையில் ஈரத்துண்டு சுற்றிய ஒரு தூக்கு. வண்டி லேட்டு, வீட்டுக்கு வருவதற்குள் தூங்கிவிடுவாள், அதனால் இங்கேயே கொண்டுவந்துவிட்டேன் என்றார். மூன்று பேரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். தூக்கைத் திறந்தார். தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த கடலைக் கண்ணாடியை மேலே உடைத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து ஸ்பூன்களை எடுத்தார். மூன்று இருந்தன.

நான் அந்த ரயிலில் வருவது அவருக்குத் தெரியாது. மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன்.

"யாராச்சும் கூட வருவாங்க இல்ல மேடம்," என்றார். "சும்மா பாத்துகினு நிப்பாங்க, பாவம்."

மழை தகரக் கூரையில் பெய்துகொண்டிருந்தது. சுகுணா கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். பாவா தன் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருவரையும் பார்த்தபடி என் பங்கைச் சாப்பிட்டு முடித்தேன். தூரத்தில் மேகம் கொஞ்சம் விலகி, மலை மறுபடி விளக்குகளுக்கு அடியில் வந்து சேர்ந்தது.

அந்த ஸ்பூனைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவரும் கேட்கவில்லை.